ஒட்டுப்பால்

பல் தேய்த்தால் சிவப்பு.
தலையணை உறையில் சிவப்பு.
குலசேகரத்தில் போட்ட ஒரே ஊசிக்கு
முழங்கைவரை நீலம் படர்ந்து
மூன்று நாள் கழித்தும் பஞ்சு நனைந்தது.

தொடையில் கட்டி இருந்தது எங்களுக்குத் தெரியும்.
சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாற்போல.
இருட்டில் மரம் மரமாய் ஏறி இறங்கி நடப்பவருக்குக்
கால் வீங்காதா என்று
எண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான்.
இரண்டு மாதம்.
அதை இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

ஆசாரிபள்ளத்தில்
தட்டணு பதினோராயிரம் என்றார்கள்.
எனக்கு அது பெரிய தொகையாகக் கேட்டது.
ஒன்றரை லட்சம் இருக்க வேண்டுமாம்.

கட்டியின் பெயரை டாக்டர் ஜெனிலா
தாளில் எழுதித் தந்தார்.
லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது என்றார்.
"அப்பம் லாட்டரி எனக்கா விழணும்?"
என்று சிரித்தார் ரசலையன். ஈறு கசிந்தது.

"கட்டிக்குள்ளேயே ரெத்தம் உறைஞ்சிட்டிருக்கு.
உறைய வைக்கிற சாமான் எல்லாத்தையும் அதுவே தின்னுது.
உடம்புக்கு மிச்சமில்ல."

எனக்கு உடனே புரிந்தது.
புரிந்ததுதான் பயமாக இருந்தது.
"ஆசிட்டு முழுசையும் ஒரே டிஷ்ஷிலே கொட்டினா
மத்த டிஷ்ஷெல்லாம் விடிஞ்சாலும் பாலாட்டே கெடக்கும்.
அதுபோலயா டாக்டரே?"

அவர் பேனாவை மூடினார்.
"அதுபோலத்தான்."

வெட்டினால்தான் நிற்கும்.
நின்றால்தான் வெட்டலாம்.
இந்த இரண்டு வரிக்கு நடுவே
பத்தொன்பது நாள் கிடந்தோம்.

வாரம் ஒரு மருந்து, கட்டி சுருங்க.
மஞ்சள் பையில் பிளாஸ்மா.
உறைபனியிலிருந்து எடுத்து
வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கிய
உள்ளங்கை அளவுப் பைகள்; கிரயோ என்றார்கள்.
பைப்ரினோஜன் எழுபது.
தொண்ணூற்றாறு.
மறுபடி எண்பது.

தட்டணு மட்டும் ஏற்றவில்லை.
"இப்பம் குடுத்தா கட்டிக்குத் தீனி போட்ட மாதிரி.
கத்தி வைக்கிற அன்னைக்குத்தான்."

முட்டத்திலிருந்து ததேயு வந்தான், வள்ளம் இறக்காமல்.
தக்கலை ஆட்டோக்காரர் செய்யதலி வந்தார்.
கையில் ஊசியோடு ஒன்றரை மணி நேரம் ஒவ்வொருவரும்.
நோயாளிக்கு என்ன உறவு என்று
படிவத்தில் கேட்டிருந்தது.
இரண்டு பேரும் காலியாக விட்டிருந்தார்கள்.

எடுத்த பைகள் ரத்த வங்கியில்
ஒரு தட்டில் ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டிருந்தன.
ஆடாமல் வைத்தால் கெட்டுவிடுமாம்.
ஐந்து நாள்தான் ஆயுசு.
கண்ணாடி வழியே பார்த்தேன்.
தொட்டில் என்று சொல்ல வந்து
நிறுத்திக்கொண்டேன்.
ஆடட்டும்.

சர்ஜன் வந்து பேனாவால் தொடையில் கோடு போட்டபோது
ரசலையன் கேட்டார்:
"எத்தன ஆழம் சாரே?
பட்டையோட நிக்கணும்.
தடியிலே கத்தி பட்டா மரம் புண்ணாவும்."

"இதுல தடிவரைக்கும் போணும் ரசலையா."

முதல்நாள் வெட்டுக்குப் போகும் பையனைப்போலத்
தலையாட்டினார்.

நாளை ஏழு மணி.
பைப்ரினோஜன் நூற்று ஐம்பத்தெட்டு.

மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது;
தோட்டத்தில் அது பால்வெட்டு நேரம்.
பேச்சிப்பாறைப் பக்கம் மழையோ என்னவோ.
போன் வெளிச்சத்தில் அவர் கையைப் பார்த்தேன்.
சாயங்காலம் ரத்தம் எடுத்த இடத்தில்
பஞ்சு காய்ந்து விலகியிருந்தது.
அடியில், நூல்போல
கருஞ்சிவப்பாய் ஒரு வரி,
இறுகி.

வெட்டின கோட்டில் மறுநாள்
இப்படித்தான் ஒட்டுப்பால் காய்ந்திருக்கும்.
அதை இழுத்துப் பிய்த்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான்
அடுத்த கத்தி வைப்போம்.
இருபத்தாறு வருஷப் பழக்கம்.
விரல் தானாகப் போனது.

மடக்கிக்கொண்டேன்.